ஒரே மலை, நான்கு பருவம்: நம் பிள்ளைகளுக்கு வெளிக்கள வகுப்பு நடத்துவது எப்படி

மட்டக்களப்பில் மலை ஏது என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வாவி, கடல், வயல், இவ்வளவுதான் நம்முடையது என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட வேண்டும் என்றால் உடனே நுவரெலியாவுக்கு பஸ் பேசுகிறோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தாந்தாமலை இருக்கிறது. கிரானைத் தாண்டி மேற்கே உள்ளே போனால் 500 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கிற குடும்பிமலை இருக்கிறது. அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சங்கமன்கண்டி, பாணமைக்கு அப்பால் கடலோடு ஒட்டி நிற்கிற உகந்தைமலை. மலைநாட்டு மலைகள் மாதிரி குளிரும் தேயிலையும் இங்கே கிடையாது, சமவெளிக்கு நடுவே எழும்பி நிற்கிற கற்குன்றுகள்தான். ஆனால் மழை, பாறை, மரம், மிருகம், குளம், வயல் எல்லாம் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இது தாராளமாகப் போதும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு மலையைத் தெரிவு செய்யுங்கள். அதே பிள்ளைகளை அதே இடத்துக்கு வருடத்தில் சில தரம், பருவம் மாற மாறக் கூட்டிப் போங்கள். ஒரு வருடம் ஒரு மலை, அடுத்த வருடம் வேறு மலை என்று ஊர் சுற்றுவதில் பிள்ளைகளுக்குப் படங்கள் மிஞ்சும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் மாற்றம் தெரியும், மாசியில் தண்ணீர் நின்ற குழி ஆடியில் ஏன் வெடித்துக் கிடக்கிறது என்று பிள்ளையே கேட்கும், அந்தக் கேள்வி வந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக நடக்கும். பாடசாலையில் சுற்றாடல் முன்னோடிகளுக்குப் பொறுப்பான ஆசிரியர், அறநெறி வகுப்பு நடத்துகிறவர், ஊர்க் கழகம், நாலைந்து பெற்றோர் சேர்ந்த ஒரு குழு, யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

எந்த மலை, யார் யார்

மலையைத் தெரிவு செய்யும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். பாடசாலையில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடமாக இருந்தால் அரை நாளில் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், செலவும் குறைவு, பிள்ளைகளும் களைக்க மாட்டார்கள். அடிவாரத்தில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். கோயிலோ குடிமனையோ, பிடிக்கத் தண்ணீரோ, ஒதுங்க ஒரு கூரையோ. அந்த வகையில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாந்தாமலை மாதிரிக் கோயிலுள்ள இடம் நல்லது. குடும்பிமலை காட்டுக்கு நடுவே இருக்கிறது, கரடியும் யானையும் உள்ள இடம், அதை ஒன்பதாம் வகுப்புக்கு மேல், பழகிய வழிகாட்டியோடு மட்டும் வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு கற்பாறை வயலுக்கு நடுவே கிடந்தால் அதுவும் சரிதான். சின்னப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்லுவேன்.

அனுமதி விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். பாடசாலை என்றால் அதிபர், அவர் வழியாக வலயக் கல்வி அலுவலகம், பெற்றோரின் சம்மதக் கடிதம். இடம் யாருடைய கையில் இருக்கிறது என்று கிராம சேவகரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்: வன இலாகாவா, வனஜீவராசிகள் திணைக்களமா, தொல்லியல் திணைக்களமா, கோயில் பரிபாலன சபையா. சில மலைகளில் இரண்டு மூன்று பேருக்கும் பங்கு இருக்கும், பழைய செங்கல் அத்திவாரமும் கல்வெட்டும் உள்ள குன்றுகள் நம் பகுதியில் நிறைய. அங்கே ஒரு செங்கல் துண்டைக்கூடப் பிள்ளை சட்டைப் பையில் போடக்கூடாது என்று போவதற்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை. இவ்வளவும் ஒரு தரம் செய்தால் வருடம் முழுக்கப் போதும், ஆகவே கடிதத்தில் எல்லாப் பயணங்களின் திகதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மொத்தம் இருபத்து நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். இது என்னுடைய கணக்கு. அதற்கு மேல் போனால் வகுப்பு ஊர்வலமாகிவிடும். பெரியவர்களில் ஒருவர் அந்த இடத்து ஆளாக இருந்தே ஆக வேண்டும். மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர், தேன் எடுக்கப் போகிறவர், பரணில் இரவுக்காவல் இருக்கிற வயற்காரர், இப்படி ஒருவர். யானை நேற்றிரவு எந்தப் பக்கம் நின்றது, எந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். “மனே, அந்தப் பக்கம் போக வேணாம், ராவு ரெண்டு நிண்டது” என்று அவர் சொன்னால் திட்டத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டும். அவருக்கு அன்றைய நாட்கூலியைக் கட்டாயம் கொடுங்கள், பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியர் என்றே அறிமுகப்படுத்துங்கள்.

நாள் பார்க்கிற விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் இதில்தான் பல திட்டங்கள் விழுகின்றன. அம்பாறைக் கரையோரத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து போவதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், நோன்பு மாதத்தில் வெயில் ஏறும் பயணம் வேண்டாம், சாப்பாட்டை எல்லோரும் சாப்பிடக்கூடிய மாதிரி மரக்கறியாக வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டு பாடசாலைகள் சேர்ந்து ஒரு மலையை வைத்துக்கொள்வதை நான் மிகவும் விரும்புகிறேன், பஸ் செலவு பாதியாகும், பிள்ளைகளும் பழகுவார்கள். சனிக்கிழமை ரியூஷன் இருக்கிறது என்று பெற்றோர் இழுப்பார்கள். போயா நாளில் வைத்தால் அந்தத் தொல்லை குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரை கேட்காமல் இருப்பதே நல்லது, முடிந்த அடுத்த வாரமே கேளுங்கள்.

பதாகை, பிரதம அதிதி, ஒரே நிற ரீசேட், இவை எதுவும் வேண்டாம். அந்தக் காசுக்கு நாலு உருப்பெருக்கிக் கண்ணாடியும் இரண்டு வெப்பமானியும் வாங்கலாம்.

எல்லாப் பயணத்துக்கும் பொதுவான ஒழுங்கு

விடியக்காலையில் புறப்படுங்கள், ஆனால் இருட்டில் காட்டுப் பாதையில் இறங்காதீர்கள். நல்லாக வெளிச்சம் வந்த பிறகுதான் நடை. உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றுவது நம் ஊரில் சாதாரணம், இதற்கு அது வேண்டாம், வான் அல்லது பஸ்தான். காலுக்கு மூடிய சப்பாத்து, தலைக்குத் தொப்பி, நீளக் கை. ஒரு பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், சுடுகிற கச்சான் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரை இரண்டு. காலைச் சாப்பாடு பிட்டோ இடியப்பமோ, வாழை இலையில் கட்டினால் லஞ்சீற் குப்பை மலையில் மிஞ்சாது. பேனை வேண்டாம், பென்சில்தான், நனைந்தாலும் எழுத்து நிற்கும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை இது: ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஓர் இடம் பிடிக்க வேண்டும். ஒரு கல், ஒரு மர அடி, ஒரு தண்ணீர்க் குழியின் ஓரம், எதுவானாலும் சரி, பெரியவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள். அங்கே கால் மணித்தியாலம் பேசாமல் இருக்க வேண்டும், பிறகு கண்ட இடத்தைக் கொப்பியில் வரைய வேண்டும். அடுத்த பருவத்திலும் அதே பிள்ளை அதே இடத்தில்தான் இருக்கும், அதே பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மறுபடி வரையும். முதல் தரம் பிள்ளைகள் நெளிவார்கள், எறும்பு கடிக்கிறது என்பார்கள், விடுங்கள். இரண்டாவது தரம் தங்கள் கல்லைத் தேடி ஓடுவார்கள். முழுத் திட்டத்திலும் இந்தக் கால் மணித்தியாலத்தை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு அளவீடு, ஒரு தேடல், ஒரு பெரியவரோடு பேச்சு, சாப்பாடு, திரும்புதல். அவ்வளவுதான், இதற்கு மேல் அடைக்க வேண்டாம். பிள்ளை ஒரு பூச்சியைக் காட்டிக் கேட்டால் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். எத்தனை கால், எதைத் தின்கிறது, ஏன் இந்தப் பக்கம் மட்டும் இருக்கிறது என்று நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஊரில் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று வழிகாட்டி ஐயாவிடம் கேட்க விடுங்கள்.

மாசி, பங்குனி: மழை விட்ட பிறகு

முதல் பயணத்துக்கு இதுதான் காலம். நம் பகுதிக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். பெப்ரவரி நடுப்பகுதியில் வானம் வெளிக்கும், பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கும், காடு பச்சையாக இருக்கும், வெயிலும் இன்னும் உறைக்காது. பெரும்போக அறுவடை நடக்கிற நேரம், போகிற வழியில் அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடப்பதைப் பார்க்கலாம், பஸ்ஸை ஐந்து நிமிடம் நிறுத்தி ஏன் அவை இயந்திரத்தைப் பின்தொடர்கின்றன என்று கேளுங்கள்.

இந்தப் பயணத்தின் பாடம் தண்ணீர். பாறையின் மேல் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள், அது எங்கே போகிறது என்று பிள்ளைகள் ஓடிப் பார்க்கட்டும். அதே போத்தல் தண்ணீரை அடிவாரத்து மர நிழலில் சருகு மூடிய மண்ணில் ஊற்றுங்கள். பாறை ஒரு துளியையும் உறிஞ்சாமல் கீழே அனுப்பிவிடுகிறது, அடிவார மண் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. மலை அடிவாரத்துக் கிணறுகள் கோடையிலும் தாக்குப் பிடிப்பதும், பழைய ஆட்கள் பாறை ஓரங்களாகப் பார்த்துக் குளம் கட்டியதும் இதனால்தான். இப்போது கணக்கு: ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் பாறையை நடந்து அளந்து, 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் எவ்வளவு என்று பிள்ளைகளே போடட்டும். 2,500 லீற்றர் வரும். வீட்டில் இருக்கிற 1,000 லீற்றர் தாங்கி இரண்டரை, இந்தச் சின்னத் துண்டுப் பாறையில் இருந்து மட்டும், ஒரு நாள் மழையில். முழு மலைக்கும் எவ்வளவு என்று கேட்டால் அவர்களுடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

பாறையையும் இந்த நேரத்தில்தான் பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் கை வைக்க முடியாது. கிழக்கின் இந்தக் குன்றுகள் புவியியலாளர் விஜயன் தொகுதி என்று சொல்கிற பழைய உருமாறிய பாறைகள், வயது ஏறத்தாழ 100 கோடி ஆண்டு. ஆழத்தில் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவான கல், மேலே இருந்த மண்ணும் கல்லும் காலங்காலமாக அரித்துப் போனபின் வெளியே வந்து நிற்கிறது. உடைந்த முகம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும், மினுங்குவது காக்காப்பொன், கண்ணாடி மாதிரி இருப்பது குவாட்ஸ் என்கிற படிகக் கல். மேற்பரப்பு வெங்காயத் தோல் மாதிரி படை படையாக உரிந்து கிடக்கிற இடத்தைத் தேடச் சொல்லுங்கள். மேலே இருந்த பாரம் நீங்கியதும், வெயிலும் மழையும் மாறி மாறிப் படுவதும் அப்படி உரித்துவிடுகின்றன. பாறையில் சாம்பல் நிறமும் பச்சையுமாகப் படர்ந்திருப்பதைக் கல்லால் சுரண்டிப் பெயர் எழுதக்கூடாது. அது பாசியும் பூஞ்சணமும் சேர்ந்து வாழ்கிற உயிர், மிக மெதுவாக வளரும், ஒரு பெயர் எழுதின இடம் மூடுவதற்கு அந்தப் பிள்ளை பெரிய ஆளாகிவிடும்.

தண்ணீர்க் குழிகளில் வாற்பேத்தைகள் இருக்கும். வெள்ளைக் கோப்பை ஒன்றில் கொஞ்சம் அள்ளிப் பார்த்துவிட்டு அதே குழியில் விடுங்கள், வேறு குழியில் விட வேண்டாம். ஈரப் பாறையில் பச்சை படிந்த இடம் பயங்கரமாக வழுக்கும், அதில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்பதை முதலிலேயே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். வயலில் இறங்குவதென்றால் காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளையை இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வயற்சேற்றில் இருந்து வரக்கூடும்.

சித்திரை: நிழல் இல்லாத மதியம்

இதற்கு மலைக்குப் போகத் தேவையில்லை, பாடசாலை முற்றம் போதும். மட்டக்களப்பு வடக்கே 7.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் 9, 10 அளவில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். மதியம் 12.05 அளவில் நிலத்தில் நட்ட நேரான தடியின் நிழல் காணாமல் போய்விடும். புத்தாண்டுக்கு முந்திய அந்த நாட்களில் பிள்ளைகள் வீட்டு முற்றத்திலேயே தடி நட்டுப் பார்க்கலாம். பதினொரு மணியில் இருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நிழலின் நுனியில் கல் வைத்துக்கொண்டு வரட்டும். செப்டெம்பர் 2, 3 அளவில் சூரியன் திரும்பிப் போகும்போது இன்னொரு தரம் இதே மாதிரி நடக்கும், கொப்பியில் குறித்து வையுங்கள்.

சித்திரையில் மலைக்குப் போவதை நான் தவிர்க்கச் சொல்லுவதற்குக் காரணம் இடி. காலையில் வானம் துப்புரவாக இருக்கும், மதியம் திரும்பியதும் முகில் கட்டி இடி மின்னல் தொடங்கிவிடும், வெறும் பாறை உச்சியில் நிற்கிற ஆள்தான் அங்கே உயரமான பொருள். எந்தப் பருவத்திலும் இந்தச் சட்டம்: இடிச் சத்தம் காதில் விழுந்தால் இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக்கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும் வரை திரும்ப ஏறக்கூடாது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையில் எண்ணி, மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்குப் போடப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள், ஆனால் எண்ணுவது கூரைக்குக் கீழே வந்த பிறகு.

ஆனி முதல் ஆவணி வரை: கச்சான் காலம்

இந்தப் பருவத்தில் போக வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். நான் போகச் சொல்லுவேன், ஆனால் விடியக்காலையில், காலை ஒன்பதரைக்குள் பாறையை விட்டு இறங்கிவிட வேண்டும். ஏனென்றால் காற்றைப் படிக்க இதைவிட நல்ல காலம் இல்லை.

கச்சான் ஏன் இப்படிச் சுடுகிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் வெயில் காலம் என்றுதான் பதில் வரும். இந்து சமுத்திரத்தில் இருந்து வருகிற தென்மேற்குக் காற்று ஈரமானது. அது மலைநாட்டில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. முகில் கட்டிக்கொண்டு ஏறும் காற்று 100 மீற்றருக்கு அரைப் பாகை அளவில்தான் குளிரும், ஏனென்றால் நீராவி தண்ணீராக மாறும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. ஈரத்தை இழந்து நம் பக்கமாக இறங்கும்போதோ 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை சூடேறும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது கூடுதலாக வாங்கிக்கொண்டு வருகிறது, அதுதான் நம் முகத்தில் அடிக்கிற காற்று. ஹற்றனில் மழை கொட்டுகிற அதே வாரம் செங்கலடியில் கிணறு வற்றுகிறது என்றால் இரண்டும் ஒரே காற்றின் வேலை. இதை மலையில் நின்று, மேற்கே திரும்பி, காற்று முகத்தில் படப்படச் சொல்ல வேண்டும். வகுப்பறையில் சொன்னால் பாதிதான் ஏறும்.

அளவீடு வெப்பம். ஒரு வெப்பமானியைப் பாறையின் மேல், இன்னொன்றைப் பாலை மர நிழலில் வையுங்கள். ஏழு மணிக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. வித்தியாசம் எப்படி விரிகிறது என்று பிள்ளைகள் வரைபடம் போடட்டும். பிறகு பாலை மரத்தின் இலையையும் பாடசாலைத் தேக்கு இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்று சின்னது, தடிப்பு, மினுமினுப்பு, மற்றது அகலம். எது கச்சானைத் தாங்கும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீரை, முதிரை, பாலை எல்லாம் இந்தக் காற்றோடு பழகிய மரங்கள், இவற்றின் இலையும் பட்டையும் சொல்லுகிற செய்தி அதுதான்.

பாலைப்பழம் இந்தக் காலத்தில்தான். பிள்ளைகளுக்கு ஆசை, கரடிக்கும் ஆசை. பழம் கொட்டிக் கிடக்கிற பாலை மரத்தடிக்கு விடியக்காலையில் சத்தம் இல்லாமல் போய் நிற்பதுதான் ஆபத்து, ஆள் வருவது தெரிந்தால் கரடி பெரும்பாலும் விலகிவிடும். ஆகவே காட்டுப் பாதையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும், வழிகாட்டி முன்னால், ஒரு பெரியவர் கடைசியில். ஆனால் பாறையின் ஓரத்திலோ பெரிய மரத்திலோ பெருந்தேனீக் கூடு தொங்கினால் அங்கே சத்தம், கல்லெறி, புகை, சென்ட் வாசம் எதுவும் கூடாது, தூரமாகச் சுற்றிப் போக வேண்டும், கூடு வழியிலேயே இருந்தால் அன்றைக்கு ஏறவே வேண்டாம். மாடு படுத்த இடங்களில் உண்ணி ஏறும், திரும்பி வந்ததும் பிள்ளைகளின் காலையும் முழங்காலுக்குப் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள்.

பாம்பு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல் இடுக்கில் கை விடாதே, சருகுக்குள் கால் வைக்காதே, இதுதான் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு: கடித்தால் வெட்டாதீர்கள், கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வாருங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். தொலைபேசிக்கு எந்த இடத்தில் சிக்னல் வருகிறது என்று முதலே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், விஷமுறிவு மருந்து இருக்கிற வைத்தியசாலை எது என்றும் முதலே கேட்டு வையுங்கள். இன்னொன்று, காட்டில் கிடக்கிற எந்த இரும்புத் துண்டையும், அது வெறும் டின் மாதிரி இருந்தாலும், தொடக்கூடாது. நம் மலைப் பகுதிகளில் போர் நடந்திருக்கிறது. பார்த்த இடத்தில் நின்று பெரியவரைக் கூப்பிட வேண்டும், வந்த காலடியிலேயே திரும்ப வேண்டும்.

கோயில் உள்ள மலைகளில் ஆடி மாதம் திருவிழாக் காலம். உகந்தையில் கதிர்காம யாத்திரைக்காரர் கூடி, அங்கிருந்து குமண காட்டு வழியாக நடப்பார்கள். அந்த நாட்களில் வகுப்பு வைக்காதீர்கள், கூட்டம் அடங்கி இரண்டு வாரம் கழித்துப் போங்கள். மூத்த பிள்ளைகளோடு போனால் யாத்திரைக்காரருக்கு வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கிறது, எந்த ஊற்று எப்போது வற்றுகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு வரைபடம் தயாரிக்கலாம், அருமையான வேலை அது. குமண 1938 முதல் பறவைகள் சரணாலயம், ஏப்ரல் முதல் ஜூலை வரை நீர்ப்பறவைகள் கூடு கட்டும் காலம், ஆகவே பொத்துவில், திருக்கோவில் பக்கத்துப் பாடசாலைகள் மலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம், உள்ளே போக அனுமதிச் சீட்டும் வாகனமும் வேண்டும். லகுகலையில் குளக்கரை யானைகளை பஸ்ஸில் இருந்தபடி வீதியில் நின்று பார்த்தாலே போதும், பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

புரட்டாதி: மழைக்குக் காத்திருக்கிற மாதம்

மூன்றாவது மலைப் பயணம் செப்டெம்பர் கடைசியில். எல்லாம் வற்றிப் போயிருக்கும், அதைப் பார்ப்பதற்குத்தான் போகிறோம். பிள்ளைகள் தங்கள் இடத்தில் இருந்து மாசியில் வரைந்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரையட்டும். குளத்தில் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி நாரையும் கூழைக்கடாவும் நெருங்கி நிற்கும், வடக்கில் இருந்து வருகிற பறவைகளும் இந்த நேரத்தில் இறங்கத் தொடங்கும். தண்ணீர் தேடி யானையும் குளத்துக்கு வரும், ஆகவே குளக்கரைக்குப் போவது நல்ல வெளிச்சத்தில், வழிகாட்டி சரி என்று சொன்ன பிறகு மட்டும். பின்னேரம் மூன்று மணிக்கு மேல் காட்டோரத்தில் நிற்கக்கூடாது.

ஒரு பரிசோதனை இருக்கிறது, இதை விட்டுவிடாதீர்கள். காப்புக்காட்டுக்கு வெளியே, ஊருக்குள் இருக்கிற ஒரு பாறைக் குழியில் காய்ந்து கிடக்கிற மண்ணை ஒரு தேநீர்க் கோப்பை அளவு எடுத்து வாருங்கள். காப்புக்காட்டுக்குள் இருந்து எதையும் எடுக்கக்கூடாது. முதல் மழை பெய்ததும் மழைத் தண்ணீரைப் பிடித்து, அகலமான பாத்திரத்தில் இந்த மண்ணைப் போட்டு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள், டெங்குக் காலத்தில் திறந்த தண்ணீர் வைக்க முடியாது. சில நாட்களில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குத் தெரிகிற அளவில் நீந்துகிற, இறால் நண்டு இனத்தைச் சேர்ந்த சின்னச் சின்ன ஓட்டுடலிகள் பெரும்பாலும் வெளிவரும். கச்சான் முழுக்க அந்தச் சுடுகல்லில் முட்டையாகக் கிடந்து தாக்குப் பிடித்தவை அவை. பாத்திரத்தைப் பார்க்கப் பிள்ளைகள் இடைவேளை மணி அடிக்க முதலே வந்து நிற்பார்கள்.

மாரி: மலைக்குப் போக வேண்டாம்

நவம்பர், டிசம்பரில் மலைப் பயணம் கிடையாது. வீதி வெட்டுப்படும், பாறை வழுக்கும், தாழமுக்கம் எப்போது புயலாகும் என்று இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய காலம். வகுப்பைப் பாடசாலைக்குள் வையுங்கள். நேரான பக்கமுள்ள பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அதைப் புனல் மாதிரித் தலைகீழாகப் போத்தல் வாயில் வைத்தால் மழைமானி, அடிப்பக்கம் வளைந்திருந்தால் அந்த வளைவு வரை தண்ணீர் ஊற்றி அதைப் பூச்சியம் என்று கோடு போடுங்கள். தினம் காலை எட்டரைக்கு ஒரு பிள்ளை அளந்து சுவரில் எழுதட்டும். அந்த இலக்கத்தை எடுத்து மாசியில் அளந்த பாறையின் பரப்பால் பெருக்கினால் இன்று அந்தப் பாறைத் துண்டு எவ்வளவு தண்ணீரைக் கீழே அனுப்பியது என்று இருந்த இடத்திலேயே கணக்கு வரும். பாலமீன்மடுவில் வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால் அந்த நாளைத் தாளில் குறித்துவிட்டு, 56 கிலோமீற்றர் நீள வாவிக்குள் இந்தத் தண்ணீர் எந்தெந்த வழியாக வந்து சேர்ந்தது என்று வரைபடத்தில் கோடு போடச் சொல்லுங்கள்.

1978 நவம்பர் 23 இரவுப் புயலைக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒருவரை வகுப்புக்கு அழைத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மரம் விழுந்தது, எது நின்றது, எங்கே ஒதுங்கினார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். இழப்புகளைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

நாற்று நடுவதும் இந்த மாதத்தில்தான், மண்ணில் ஈரம் இருக்கும்போது. நடுவது உள்ளூர் மரமாக இருக்கட்டும், நாவல், மருது, விளா, வேம்பு, எது பாடசாலை மண்ணுக்குச் சரியோ அது. மழை நின்ற பிறகு கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதி ஒட்டிவிட்டுத்தான் நடுங்கள்.

கொப்பிகளைத் திருத்தாதீர்கள், புள்ளி போடாதீர்கள். வருடக் கடைசியில் மாசி, ஆடி, புரட்டாதிப் படங்களை ஒரு சுவரில் பக்கம் பக்கமாக ஒட்டிப் பெற்றோரை ஒரு மாலை அழைத்துக் காட்டுங்கள், பிள்ளையே தன் இடத்தைப் பற்றிப் பேசட்டும். ரியூஷன் என்று இழுத்தவர்கள் அடுத்த வருடம் வானுக்குக் காசு சேர்க்கிறவர்களாகிவிடுவார்கள். அந்த மாலையிலேயே அடுத்த வருடத்துத் திகதிகளையும் போயா பார்த்து, திருவிழா பார்த்து, நோன்பு பார்த்துக் குறித்து அதிபர் கையில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மாசிப் பயணத்துக்கான கடிதங்கள் ஜனவரி முதல் வாரம் போயாக வேண்டும், வழிகாட்டி ஐயாவுக்கும் அப்போதே சொல்லி வையுங்கள், அறுவடை தொடங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.